மூன்றே மூன்று கேள்விகள்!



போட்டின்னாலே எனக்கு ஒரு பயம். முதலாம் ஆண்டு வினாடி வினாவில் மேடையேறி, ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் இறங்கி வந்தவன் நான். அதன்பிறகு நோட்டீஸ் போர்டில் போட்டி அறிவிப்பைக் கண்டாலே ஒதுங்கிப் போய்விடுவேன். அந்தப் பயத்தைப் போக்கியது ஹங்கேரி நாட்டு இயற்பியல் மேதை லோராண்ட் ஈட்வோஷின் வாழ்க்கை வரலாறு.

1848-ல் புடா நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் கிர்க்காஃப்பிடம் பயின்றார். ஆமாம், நம்ம சர்க்யூட் பாடத்தில் வரும் அதே கிர்க்காஃப்தான்! தாயகம் திரும்பிப் பேராசிரியரானார். மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு தண்டு, அதன் முனைகளில் எடைகள். இந்த முறுக்குத் தராசைக் கொண்டு புவியீர்ப்பின் மிக நுண்ணிய மாறுதலையும் அளந்தார். 1901-ல் பாலட்டான் ஏரி உறைந்தபோது பனிக்கட்டி மேலேயே கருவியை நிறுத்தி அளந்தார். பின்னாளில் பூமிக்கடியில் எண்ணெய் தேடவும் அக்கருவி உதவியது.

1891-ல் கணித, இயற்பியல் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். 1894-ல் கல்வி அமைச்சரானார். நம்ம ஊராக இருந்தால் மாலையும் பொன்னாடையும்தான்! கழகத்தினரோ அவரைக் கௌரவிக்க, பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கணிதப் போட்டியைத் தொடங்கினார்கள். மூன்றே கேள்விகள். புத்தகம், நோட்டு எதையும் பார்த்துக்கொள்ளலாம்! ஆனா பதில் அதில் இருக்காது, சொந்தமா யோசிக்கணும்.

1898-ல் அதில் வென்ற மாணவர் தியோடர் வான் கார்மன், பின்னாளில் விமானவியல், ராக்கெட் ஆராய்ச்சி முன்னோடி. 1925-ல் வென்றவர்களில் ஒருவர் அணு விஞ்ஞானி எட்வர்ட் டெல்லர்.

ஈட்வோஷ் அமைச்சராக ஓராண்டுகூட இருக்கவில்லை. 1919-ல் மறைந்தும் விட்டார். போட்டி மட்டும் அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

இதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. அன்று மேடையில் நான் தோற்றது மனப்பாடத்தில்தான், யோசிப்பதில் அல்ல! இந்த வருஷம் மாதிரி வடிவமைப்புப் போட்டிக்கு நானும் பெயர் கொடுத்தேன். பரிசு கிடைக்கல. ஆனா பழைய பம்ப் ஒன்றைப் பத்துத் தடவை பிரித்து மாட்டியதில், இம்பெல்லர் ஏன் தேய்கிறது என்று என் கையாலேயே தெரிந்துகொண்டேன். பரீட்சைக்குப் படித்தது மறந்துபோச்சு, இது மறக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே! அடுத்த அறிவிப்பு ஒட்டியதும் ஒதுங்கிப் போகாதீர்கள். பெயரைக் கொடுங்கள், யோசிக்கத் தொடங்குங்கள்!

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை