உத்தியோகம் விட்ட பின்: சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை

உத்தியோகத்தை விட்டு இளைப்பாறியவர் என்ன செய்வார் என்பது யாழ்ப்பாணத்தில் எவருக்கும் தெரிந்த காரியம். உபகாரச் சம்பளம் மாதந்தோறும் வரும். கோயில் மணியத்திலே சிறிது பொழுது போகும். எல்லைக் காணி வழக்கொன்று இருந்துவிட்டால் மிகுதிப் பொழுதும் போய்விடும். 1882ஆம் ஆண்டிலே, தமது ஐம்பதாவது வயதில், சென்னை அரசாங்கக் கணக்குச் சாலையிலிருந்து விலகிய யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கும் இந்த வழி திறந்தே கிடந்தது. அவர் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களைத் தமிழுலகம் இன்று எந்த நூல்களுக்காக நினைக்கின்றதோ, அவற்றுட் பெரும்பாலானவை அந்த ஆண்டிற்குப் பின் அச்சேறியவை.

அவர் அன்று திரும்பிப் பார்த்திருந்தால் கண்முன் நின்றிருக்கக்கூடியது மிகவும் பலதரப்பட்ட ஒரு வாழ்க்கை. 1832ஆம் ஆண்டு புரட்டாதித் திங்களிலே சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாய்ப் பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கேட்டார். தெல்லிப்பழை மிசன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் கணிதமும் பயின்றார். கோப்பாயிலே ஆசிரியராக அமர்ந்தபோது இருபது வயது. அங்கிருந்த காலத்திலேயே, 1854இல், நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டார். இருபத்திரண்டு வயது இளைஞர் தாமே முன்வந்து ஒரு நூலைப் பதிப்பிப்பது அந்நாளிற் சிறு காரியமன்று.

யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குச் சென்றுவிட்ட பேர்சிவல் பாதிரியார் அழைக்க, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பணிக்குக் கடல் கடந்தார். மாநிலக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவர் இவரும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையின் மாணாக்கர். பின்பு கள்ளிக்கோட்டையிலே அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். அதன்பின் சென்னையிலே வரவு செலவுக் கணக்கை ஆராயும் உத்தியோகம். அதிலேயே படிப்படியாக உயர்ந்தார். கணக்குப் புத்தகங்களுக்கிடையே சட்டமும் படித்து 1871இல் பி. எல். பட்டம் பெற்றார்.

ஆசிரியர், பத்திரிகையாளர், கணக்காய்வாளர், சட்டம் படித்தவர். ஒன்றிலும் நிலைகொள்ளாத மனிதர் என்று ஊரிலே யாரேனும் சொல்லியிருந்தால் வியப்பில்லை. ஆயினும் அவர் பின்னர் மேற்கொண்ட பணியைப் பார்க்கும்போது, இத்தொழில்களுள் எதுவும் வீண்போகவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. இதனை விளங்கிக்கொள்ள, ஏட்டுச்சுவடி என்பது எத்தகையது என்பதைச் சற்றே அறிதல் வேண்டும்.

பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்திலே வேறுபாடு இராது. ரகரமும், ஆகாரத்தைக் காட்டும் காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. நிறுத்தக் குறியும் இல்லை. சூத்திரம் முடிந்து உரை தொடங்கும் இடம், உரையிலே எடுத்தாண்ட மேற்கோள் தொடங்கி முடியும் இடம், எல்லாம் ஒரே ஓட்டமாய்ச் செல்லும். எழுதினவனுக்குப் பொருள் விளங்காத இடத்திலே பிழை புகும். அடுத்துப் படியெடுத்தவன் அப்பிழையைத் திருத்த எண்ணி வேறொன்றைப் புகுத்துவான். இவற்றோடு பூச்சியும் ஈரமும். ஓலை முரிந்து போன இடத்திலே பாட்டும் போயிற்று. சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் புதிய ஓலையிலே பெயர்த்தெழுதாவிட்டால் நூல் மாண்டுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெயர்த்தெழுதுவோரும் அருகினர். பழைய நூல்களைக் கற்போரும் அருகினர். மடங்களிலே கூடப் பிரபந்தங்களும் புராணங்களும் படிக்கப்பட்ட அளவுக்குச் சங்கச் செய்யுள் படிக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட சுவடிகள் பலவற்றை அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கி, ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும்போது எதனை நம்புவது என்று தீர்மானிப்பது கணக்காய்வாளனின் பொறுமையும் வழக்கறிஞனின் ஐயமும் வேண்டும் வேலை. தீர்மானித்ததை மாணாக்கனுக்கு விளங்குமாறு பிரித்து அச்சிடுவதற்கு ஆசிரியன் வேண்டும். அச்சுக்கூடத்தோடு பழகியவனாகவும் இருத்தல் வேண்டும்.

இப்பணியில் அவருக்கு முதலிற் துணை நின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தபோது, பரிசோதித்தவர் நாவலர், வெளியிட்டவர் பிள்ளையவர்கள். நாவலர் கைபட்ட நூலிலே குற்றம் சொல்ல எவரும் எளிதில் துணியார். 1879இல் நாவலர் மறைந்தார். அதன்பின் வந்த பதிப்பு ஒவ்வொன்றிலும் பிழைக்கும் பழிக்கும் தாம் ஒருவரே பொறுப்பு என்பதைப் பிள்ளையவர்கள் அறிந்திருந்தார். 1881இல் வீரசோழியத்தைப் பெருந்தேவனார் உரையுடன் வெளியிட்டு, அதன் பதிப்புரையிலே தமிழின் வரலாற்றை எட்டுக் காலங்களாகப் பகுத்தும் காட்டினார். அந்தக் காலவரையறையை இன்றைய ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால், தமிழிலக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதனைக் காலமுறைப்படி எழுதுதல் கூடும் என்று எண்ணித் துணிந்தவர்களுள் அவர் முன்னோடி.

மறு ஆண்டு உத்தியோகம் முடிந்தது. 1883இலே தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும், 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரமும் வெளிவந்தன. பொருளதிகாரம் உரையோடு அச்சிலே தோன்றியது அதுவே முதன்முறை. முழுவதும் நச்சினார்க்கினியர் உரையென்றே அவர் அதனை வெளியிட்டார். இறுதி நான்கு இயல்களுக்கும் அங்கே உள்ள உரை பேராசிரியருடையது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இது பெரிய தவறே, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தவறு எப்படித் தெரிய வந்தது? அவர் அச்சிட்டுக் கொடுத்த புத்தகத்தைப் பலர் கையில் வைத்துப் படித்தமையால் அன்றோ! ஏட்டிலே கிடந்திருந்தால் தவறும் வெளிப்பட்டிராது. உரையும் எஞ்சியிருக்குமோ அறியோம்.

இளைப்பாறிய பின்னும் அவர் சும்மா இருந்து உபகாரச் சம்பளம் வாங்கவில்லை. கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். ஏடு தேடுவதற்கும், படியெடுப்போருக்கும், அச்சுக்கும் காகிதத்துக்கும் பணம் வேண்டும். இலக்கண நூல் வாங்குவோர் எத்தனை பேர் என்பது பதிப்பித்தவருக்குத்தான் தெரியும். ஊரையும் அவர் மறந்தாரில்லை. ஏழாலையிலே முன்னரே ஒரு பாடசாலை நிறுவியிருந்தார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் அங்கே கற்பித்தவர்.

அக்காலத்திலே கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர் உ. வே. சாமிநாதையர். இருவர்க்கும் பழக்கம் உண்டாயிற்று. சீவக சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க எண்ணிய பிள்ளையவர்கள், அதே நூலில் உழைத்துவந்த ஐயரிடம் அவருடைய படியைத் தமக்குத் தருமாறு வற்புறுத்திக் கேட்டார். இளையவர் மிகவும் கலங்கினார், முடிவிலே கொடுக்கவில்லை. இந்நிகழ்ச்சியை ஐயரவர்களே தம் சரித்திரத்தில் விரித்து எழுதியிருக்கிறார். ஈழத்திலே பிள்ளையவர்களைப் போற்றுவோர் சிலர் இதனைச் சொல்லக் கூசுவர். கூச என்ன இருக்கிறது? ஐம்பதைக் கடந்த ஒருவர், எஞ்சிய நாள்களுக்குள் எத்தனை நூல்களைக் காப்பாற்றலாம் என்ற அவசரத்திலே கேட்டார். தாம் ஆண்டுக்கணக்காய்ப் பட்ட பாட்டை விட்டுக்கொடுக்க ஐயருக்கு மனம் வரவில்லை. இரண்டும் இயல்பே. 1887இல் சிந்தாமணி ஐயர் பதிப்பாக வெளிவந்தது; அதே ஆண்டிலே பிள்ளையவர்களின் கலித்தொகையும் நச்சினார்க்கினியர் உரையோடு வந்தது. எட்டுத்தொகையுள் அச்சேறிய முதல் நூல் அது.

அந்த ஆண்டே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதிப் பதவி கிடைத்தது. 1890 வரை அங்கே இருந்தார். ஐந்தாவது தொழில் என்று எண்ணிக்கொள்ளலாம். நீதிபதியாயிருந்தபோதே, 1889இல், இலக்கண விளக்கமும் சமண காவியமான சூளாமணியும் வெளிவந்தன. சைவராகிய அவர் பௌத்தர் செய்த வீரசோழியத்தையும் சமணர் செய்த சூளாமணியையும் தணிகைப் புராணத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு பதிப்பித்தார். 1895இல் அரசினர் இராவ்பகதூர் பட்டம் அளித்தனர்.

இரண்டாம் முறையும் உத்தியோகத்தை விட்ட பின், தொல்காப்பியத்துக்கே திரும்பினார். 1891இல் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டார். 1892இல் சொல்லதிகாரம் வந்தது. நாவலரோடு சேர்ந்து சேனாவரையத்தை வெளியிட்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அதே அதிகாரத்தை, நச்சினார்க்கினியர் உரையோடு, தாம் ஒருவராய் நின்று வெளியிட்டபோது அறுபது. 1901ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி சென்னையிலே காலமானார்.