தமிழ்த் தாத்தாவின் இளமைக் காலம்

தமிழ்த் தாத்தா எனப் போற்றப்படும் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1855-ஆம் ஆண்டு பிறந்தார். கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரே அவர்தம் சொந்த ஊராகும். தந்தையார் இசைவாணர், பிழைப்பை நாடிக் குடும்பம் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. வறுமை வாட்டியபோதும், சென்ற இடமெல்லாம் ஆசிரியரைத் தேடிச் சென்று தமிழ் கற்றார் அச்சிறுவர். பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டார். செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, சீவக சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றினார்.

80 வயதைக் கடந்தபின், 1940-இல், தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். இளமையில் கண்ட தம் சிற்றூரையும் அதன் பழைய வாழ்வையும் அதில் அன்போடு நினைவுகூர்ந்தார். 1942-இல் அவர் மறைந்தார், அந்நூல் முற்றுப்பெறவில்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நம் பெற்றோர் வாழ்ந்த லயங்கள் பலவும் மறைந்து வருகின்றன. பாட்டன் பாட்டியரிடம் இன்றே கேட்டு, நம் தோட்டத்தின் கதையை எழுதி வையுங்கள்.