பொகவந்தலாவையில் துயிலும் கமரன் அம்மையார்

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்வோர், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த புனித மரியாள் ஆலயத்தைக் கண்டிருப்பர். அதன் கல்லறைத் தோட்டத்திலே கணவரோடு துயில்கின்றார் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார். மனித முகத்தை நிழற்படத்திற் பதித்த கலைஞருள் உலகம் முதல் வரிசையில் வைத்துப் போற்றும் இவர் நம் அயலவர் என்பதை, யானும் ஆசிரியனாகிப் பல்லாண்டு கழிந்த பின்னரே அறிந்தேன்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பனியின் உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சுக் குடும்பத்தவர். 1838இல் சட்ட அறிஞர் சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். இலங்கைச் சரித்திரம் பயிலும் மாணவர்க்கு இப்பெயர் புதிதன்று. இராசகாரிய முறை ஒழியக் காரணமான கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவரே. 1848இல் இங்கிலாந்து சென்ற குடும்பம், 1860இல் வைற் தீவிலே, கவிஞர் தெனிசனின் அயலிற் குடியேறியது.

அம்மையாருக்கு 48 வயதாயிருந்தபோது மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் பருவத்திலே அவர் புதுக்கலை பயிலத் தொடங்கினார்! கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. மருந்து பூசிய கண்ணாடித் தகடு ஈரம் உலருமுன்னே படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். கைகளிலும் ஆடையிலும் கறை படியும். எதிரே அமர்ந்தவர் பல நிமிடம் அசையாதிருத்தல் வேண்டும். தெனிசன், டார்வின், கார்லைல், வானியல் அறிஞர் ஹேர்செல் ஆகியோரெல்லாம் அவ்வாறு அமர்ந்தனர். படங்கள் தெளிவற்றவை எனத் தொழில் வல்லார் குறை கூறினர். அம்மையார் தம் வழியை மாற்றினாரல்லர். அந்த மென்மையே இன்று அவர்தம் தனிச்சிறப்பாகப் பேசப்படுகின்றது.

இலங்கையில் கமரன் குடும்பத்துக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. புதல்வர்களும் இங்கே வாழ்ந்தனர். 1875இல் முதிய தம்பதியர் தம் சவப்பெட்டிகளையும் உடன் எடுத்துக்கொண்டு கப்பலேறினர். கோப்பியை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது.

இங்கே அம்மையார் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிலே களுத்துறைக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் காட்சி தருகின்றனர். டார்வினை நோக்கிய அதே கண்களே அவர்களையும் நோக்கின. ஆயினும், அங்கே அமர்ந்த அறிஞர்தம் படங்களுக்குப் பெயர் உண்டு. இங்கே அமர்ந்த கிராமத்தவர், தொழிலாளரின் பெயர்களோ பெரும்பாலும் குறித்து வைக்கப்படவில்லை. தோட்டங்களில் உழைத்தோரின் வழிவந்த மாணவர் பலரை நாடோறும் பெயர் கூறி அழைக்கும் எனக்கு, அம்முகங்களைக் காணுந்தோறும் இக்குறை நெஞ்சை உறுத்துகின்றது. அம்மையாரின் கலையன்புக்கு இஃதோர் இழுக்கு என்றே கருதுகின்றேன்.

1879 சனவரி 26ஆந் திகதி, டிக்கோயாவைச் சேர்ந்த கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் தமது 63ஆவது வயதிற் காலமானார். மறுஆண்டிலே கணவரும் மறைந்து, பொகவந்தலாவையில் அவரருகே அடக்கமானார்.