டார்வின் ஒதுங்கி வாழ்ந்த வீடு

டவுன் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது கடைத்தெருவும் வண்டிச் சத்தமும்தான். ஆனால் சார்லஸ் டார்வின் குடியேறிய டவுன், இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரத்திலிருந்த ஒரு சிற்றூர். இலண்டன் 16 மைல் தொலைவுதான். ஆயினும் அவர் அங்கே சென்ற காலத்தில் ரயில் ஏறவேண்டுமானால் எட்டு மைலுக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டும். அந்தத் தொல்லையே அவருக்கு வரமாக இருந்தது.

1809-இல் பிறந்த டார்வின், தந்தையார் விரும்பியபடி முதலில் மருத்துவம் படிக்கப் போனார், அது பிடிக்கவில்லை. சமயகுருவாக்கும் எண்ணத்துடன் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே வண்டு பிடிப்பதில் காட்டிய ஆர்வத்தைப் பாடத்தில் காட்டவில்லை. (நம் விடுதியில் இப்படி எத்தனை பேர்!) 1831-இல் பீகிள் என்னும் கப்பலில் ஏறி, ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். 1839-இல் உறவுப் பெண்ணான எம்மாவை மணந்து இலண்டனில் குடித்தனம் வைத்தார். புகையும் இரைச்சலும் விருந்துப் பேச்சும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் உரக்க உரையாடினாலே இரவெல்லாம் வாந்தியும் நடுக்கமும் வரும். அது என்ன நோய் என்பதில் மருத்துவ அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

1842 செப்டம்பரில் குடும்பம் டவுன் வீட்டுக்கு வந்தது. வந்த சில வாரங்களிலேயே, அங்கே பிறந்த பெண்மகவு இறந்தது. அமைதி நாடிச் சென்ற வீட்டில் முதலில் நுழைந்தது துக்கம்.

அந்த அமைதியை அவர் எவ்வளவு பாடுபட்டுக் காத்தார் என்பது வேடிக்கையானது. வழிப்போக்கர் கண்ணில் வீடு படாதிருக்கச் சாலையையே 2 அடி தோண்டித் தாழ்த்தி, சுவர் எழுப்பினார். வருகிறவர் யாரென்று அறைக்குள்ளிருந்தே பார்க்க, சன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி பொருத்தினார். தோட்டத்தின் கோடியில் மரங்கள் நட்டு, சுற்றிவர மணற்பாதை ஒன்று அமைத்தார். நாள்தோறும் அதில் நடப்பார். எண்ணிக்கை சிந்தனையைக் கலைக்கக்கூடாதே! ஆகவே பாதையோரம் கற்களைக் குவித்துவைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவாராம்.

ஊரைவிட்டு ஒதுங்கினாரே தவிர உலகைவிட்டு ஒதுங்கவில்லை. புறா வளர்ப்போர், தோட்டக்காரர், தொலைநாட்டு அறிஞர் எல்லாருக்கும் ஓயாமல் எழுதினார். அவர் எழுதியவையும் பெற்றவையுமாக இன்று கிடைத்திருக்கும் கடிதங்கள் 15,000-க்கும் மேல். கப்பலடியில் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் சிற்றுயிரை மட்டும் எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திவிட்டு, முளைத்த களைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 357 முளைத்தன, 295 அழிந்தன, பெரும்பாலும் நத்தையினத்தாலும் பூச்சிகளாலும். வாழ்க்கைப் போராட்டம் என்று அவர் கண்ட பேருண்மைக்குச் சான்று கொல்லைப்புறத்திலேயே கிடைத்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தனிமை தந்தையார் செல்வத்தில் வாங்கிய தனிமை. பத்துப் பிள்ளைகளைப் பெற்று, வீட்டையும் நோயாளிக் கணவரையும் தாங்கிய எம்மாவுக்கு அந்த வீட்டில் தனிமை எங்கே கிடைத்திருக்கும்? நாளெல்லாம் உழைத்தபின் இரவில் கணவருடன் பகடைக்காய் ஆடுவதும் பியானோ வாசிப்பதும் அவருக்கு இருந்த ஓய்வு.

1851-இல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். அந்தப் புண் டார்வினுக்கு ஆறவே இல்லை. 1858 ஜூனில், கீழ்க்கடல் தீவுகளிலிருந்து வாலேஸ் அனுப்பிய கட்டுரை வந்தது. தாம் இருபது ஆண்டுகளாக அடைகாத்த கருத்தை இன்னொருவர் கண்டுவிட்டார்! அந்த நேரத்தில் வீட்டில் கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்தது. நண்பர்கள் முயற்சியால் இருவர் எழுத்தும் ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. டார்வின் போகவில்லை. மூன்று நாட்களுக்கு முன்புதான் அந்தக் குழந்தை இறந்திருந்தது. மறு ஆண்டு நவம்பரில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்து உலகையே உலுக்கியது. வாதப் போர்களை நண்பர்கள் நடத்தினார்கள். அவர் மணற்பாதையில் நடந்துகொண்டிருந்தார்.

என்னை மிகவும் கவர்ந்தது அவரது மண்புழு ஆராய்ச்சிதான். தொட்டிப் புழுக்களுக்குக் காது உண்டா என்று அறிய மகன் பஸ்ஸூன் என்னும் குழலை ஊதினார். எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோது அதிர்வுக்கு அஞ்சி வளைக்குள் ஓடின. குடிவந்த 1842-இலேயே பக்கத்து நிலமொன்றில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் பரப்பப்பட்டிருந்தன. புழுக்கள் கிளறிய மண் அவற்றை எவ்வளவு மூடியது என்று பார்க்க 1871-இல் அங்கே பள்ளம் வெட்டினார்: 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. 29 ஆண்டுகள்! ஒரே இடத்தில் இருப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட விடை கிடைக்கும். அந்த நூல் 1881-இல் வெளியாயிற்று.

1882 ஏப்ரல் 19 அன்று டவுன் வீட்டிலேயே டார்வின் காலமானார். தமையனாரும் இறந்த மழலைகளும் உறங்கும் அவ்வூர்த் தேவாலயத் தோட்டத்திலேயே தாமும் துயிலலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் நாட்டின் பெரியோர்கள் அவர் உடலை இலண்டனுக்குக் கொண்டுபோய் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், நியூட்டன் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். எம்மா 1896-இல் மறைந்தார். அவருக்கு டவுன் ஊர்த் தோட்டத்திலேயே இடம் கிடைத்தது.