தெய்வமாக்கப்பட்ட மனிதர்

அமெரிக்கக் காங்கிரஸ் கூடும் காபிடால் மாளிகையில், நடுக் கோபுரத்தின் உட்புறத்தை அண்ணாந்து பார்ப்போருக்கு ஒரு சித்திரம் தென்படும். விடுதலைத் தேவியும் வெற்றித் தேவியும் இருபுறமும் அமர்ந்திருக்க, மேகங்களின் நடுவே ஜார்ஜ் வாஷிங்டன் வீற்றிருக்கிறார். 1865-ல் தீட்டி முடிக்கப்பட்ட சித்திரம் அது. மன்னர் வேண்டாமென்று போர் புரிந்த ஜனங்கள் தங்கள் தலைவரைத் தேவராக்கிக் கொண்டது விந்தையல்லவா?

வாஷிங்டன் 1732-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. நில அளவைத் தொழில் பயின்றார். 1775-ல் புரட்சிச் சேனையின் தலைமையை ஏற்றார். மறு வருஷமே நியூயார்க்கைப் பகைவரிடம் பறிகொடுத்தார். 1777-ம் வருஷக் குளிர்காலத்தில், பசியாலும் நோயாலும் வாடிய சேனையை வாலி போர்ஜ் பாசறையில் கலையவிடாமல் காத்தார். 1781-ல் பிரெஞ்சுக்காரர் துணையுடன் யார்க்டவுனில் வெற்றி கண்டார்.

வென்ற சேனாதிபதிகள் அரியணை ஏறுவதையே உலகம் பெரிதும் கண்டிருந்தது. வாஷிங்டனோ 1783 டிசம்பரில் காங்கிரஸின் முன் நின்று பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். பின்னர் இருமுறை ஏகமனதாகப் பிரஸிடெண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1797-ல் தாமாகவே விலகினார். அவருடைய மெய்யான பெருமை இதுவே என்பது நம் கருத்து.

இப்பெருமை போதாதென்று எண்ணினார் போலும் வீம்ஸ் என்ற பாதிரியார். அவர் புத்தக வியாபாரியுங்கூட. 1799-ல் வாஷிங்டன் காலமான மறு வருஷமே அவருடைய சரித்திரத்தை வெளியிட்டார். 1806-ம் வருஷப் பதிப்பில் செர்ரி மரக் கதையைச் சேர்த்தார். தந்தையின் மரத்தைக் கோடரியால் சிதைத்த சிறுவன் பொய் சொல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பது கதை. இதற்கு ஆதாரமே இல்லை. எனினும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதைப் படித்தனர். வாய்மையைப் போதிக்க ஒரு பொய் பயன்பட்டது!

இக்கதை சிறுவனைக் காட்டிற்று. அவன் அடைந்த பிதுரார்ஜிதத்தைக் காட்டவில்லை. அதில் பத்து அடிமைகள் இருந்தனர். வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மௌண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் வாழ்ந்தனர். 1796-ல் ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண் சுதந்திரம் நாடித் தப்பியோடினாள். அவளைத் திரும்பப் பிடிக்க ஆள்களை ஏவியவர் சுதந்திரப் போரின் தலைவரே. தமக்குச் சொந்தமான 123 பேரைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்கும்படி மரண சாஸனம் எழுதிவைத்தார். தாம் உயிரோடிருந்த காலத்தில் அதைச் செய்தாரில்லை.

இதனால் அவர் செய்த தியாகம் சிறுத்துவிடாது. அந்தத் தியாகத்தால் இந்தக் குற்றமும் மறைந்துவிடாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் துணியும் ஜனங்களே தங்கள் தலைவரிடம் பாடம் கற்க முடியும். தலைவரைத் தெய்வமாக்கினால் மாலை சூட்டி வணங்கிவிட்டு வீடு திரும்பலாம். அவர் மனிதராகவே நின்றாலோ, கையிலிருந்த அதிகாரத்தை அவர் துறந்ததுபோல் நாமும் துறப்போமா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அவர் செய்யத் தவறியதைச் செய்து முடிக்கும் கடமையும் நம்மைச் சேரும்.