ஆர்தர் பர்னெல்: சொற்களைத் தேடிய நீதிபதி

விருதுநகரில் மிளகாய் வற்றலையும் பருப்பையும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கும் இடத்தை நாம் கிட்டங்கி என்கிறோம். ஆங்கிலத்தில் அதுவே கோடவுன். இரண்டும் உறவுச் சொற்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிடங்கி. சரக்கு கிடக்கும் இடம் என்பதே பொருள். அது வணிகரோடு மலாய் நாட்டுக்குக் கப்பலேறி, பிறகு ஆங்கிலத்தில் புகுந்திருக்க வேண்டும் என்கிறது 1886-இல் இலண்டனில் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரே பர்னெல்.

இங்கிலாந்தில் 1840-இல் பிறந்த இவர், இருபதாம் வயதில் சென்னை மாகாணப் பணிக்கு வந்தார். மங்களூரிலும் தஞ்சையிலும் நீதிபதியாக இருந்தார். வழக்கு மன்றப் பணி போக மீதி நேரமெல்லாம் ஏடுகளோடுதான். தென்னாட்டு எழுத்துகளின் வரலாற்றை 1874-இல் நூலாக்கினார். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு 1880-இல் அட்டவணை வெளியிட்டார்.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் நம் நாட்டுச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருந்தன. பர்னெலும், வங்காளப் பொறியாளர் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற கர்னல் ஹென்றி யூலும் இச்சொற்களைத் திரட்டிக் கடிதம் வழியே பரிமாறிக்கொண்டனர். ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்தப் பயணியின் குறிப்பில் வருகிறது என்று தேடி ஆண்டு வரிசையில் அடுக்கினர். கட்டுமரம், சுருட்டு, மிளகுத் தண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கில உடை தரித்து அதில் நிற்கின்றன. நாம் தமிழென்றே நினைக்கும் அலமாரியும் ஆயாவும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தவை என்பதையும் அங்கே காண்கிறோம்! நூலின் பெயரே வேடிக்கையானது. முகரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி எழுப்பிய முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அவ்வாறு திரிந்ததாம். ஆளவந்தோரின் செருக்கு ஆங்காங்கே எட்டிப் பார்ப்பது நம்மை உறுத்தாமல் இல்லை. ஆனால் சொல்லின் பிறப்பை ஆராய்வதில் அவர்கள் காட்டிய பொறுமை பெரிது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்தவர்களும் இந்நூலைப் பயன்படுத்திக்கொண்டனர்.

ஓயாத உழைப்பும் தஞ்சை வெயிலும் பர்னெலின் மெலிந்த உடலைத் தளர்த்தின. தாய்நாடு திரும்பியவர் 1882 அக்டோபர் 12-இல், 42-ஆம் வயதில் காலமானார். அப்போது அகராதி முடிந்திருக்கவில்லை. யூல் தனியே அமர்ந்து மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்தார். நூலின் பெரும்பகுதி அவர் எழுதியதே. ஆயினும் முகப்பில் தம் பெயரோடு பர்னெலின் பெயரையும் அச்சிட்டார்.