காற்றால் விளக்கேற்றிய வாத்தியார்

காற்று அடித்தால் விளக்கு அணையும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் காற்றைக் கொண்டே விளக்கு ஏற்றிக் காட்டினார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் பெயர் பவுல் லா கூர். டென்மார்க் நாட்டில் ஆஸ்கோவ் என்ற கிராமத்தில் வேலை பார்த்தவர்.

1895-ம் ஆண்டு முதல் 1902-ம் ஆண்டு வரை ஆஸ்கோவ் பள்ளிக்கூடத்தில் இரவு விளக்குகளுக்கு நிலக்கரி தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் ஒரு காற்றாலை சுற்றியது. அதுதான் விளக்குகளை எரித்தது. சில சமயம் ஜன்னல் கண்ணாடிகளையும் உடைத்தது! அந்தக் கதை பின்னால் வருகிறது.

டென்மார்க் என்றால் தமிழ் மக்களுக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். 1620-ம் ஆண்டு அங்கே கோட்டை கட்டியவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான். 1845-ம் ஆண்டு தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1846 ஏப்ரல் 13-ந் தேதி, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் லா கூர் பிறந்தார்.

பட்டணத்துப் பெரிய உத்தியோகம்

மண்ணும் மாடும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். படிப்பில் கெட்டிக்காரர். தலைநகரான கோபன்ஹேகனில் பௌதிகம் படித்தார். மழை, காற்று, பனி ஆகியவற்றைப் பற்றிய வானிலை சாஸ்திரத்தில் தேர்ச்சி பெற்றார். 1872-ம் ஆண்டு டென்மார்க் அரசாங்கம் வானிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதன் துணைத் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26.

அந்த நாளில் உலகம் முழுவதும் தந்தியைப் பற்றித்தான் பேச்சு. ஒரே கம்பியில் ஒரே சமயத்தில் பல செய்திகளை அனுப்ப முடியுமா என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். லா கூரும் அதில் இறங்கினார். தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவைகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சுருதி! அந்த ஆராய்ச்சியிலிருந்து 1875-ம் ஆண்டு ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்தார். இசைக்கவையின் துடிப்புக்குச் சரியாகச் சுற்றும் சக்கரம் அது. கொஞ்சமும் முந்தாது, பிந்தாது. பின்னாளில் அமெரிக்காவில் டெலானி என்பவர் அமைத்த தந்தி முறைக்கு இந்தச் சக்கரம்தான் உயிர்நாடி.

ஆனால் தந்திப் போட்டியில் வேறு பெரிய ஆட்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் எலிஷா கிரே இதே வழியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யார் முந்தியவர் என்ற வழக்கும் வாதமும் எழுந்தன. கோபன்ஹேகனிலேயே இருந்து மல்லுக்கு நின்றிருந்தால் லா கூருக்குப் பணமும் புகழும் கிடைத்திருக்கலாம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1878-ம் ஆண்டு தலைநகரத்தை விட்டே கிளம்பினார். குடும்பத்தோடு ஆஸ்கோவ் கிராமத்துக்குப் போய் வாத்தியார் ஆனார். அப்போது வயது 32. இப்படிக் கிளம்புகிறவரை ஊரில் பலர் பைத்தியக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம்

ஆஸ்கோவ் பள்ளிக்கூடம் சாதாரணப் பள்ளிக்கூடம் அல்ல. வயது வந்த விவசாயிகளின் பிள்ளைகள் படிக்கும் இடம். பரீட்சை கிடையாது. மார்க்கு கிடையாது. கிராமத்து ஜனங்களுக்கு அறிவு வேண்டும், தன்மானம் வேண்டும் என்று குருண்ட்விக் என்ற பாதிரியார் பாடுபட்டார். அவருடைய எண்ணப்படி எழுந்தவை இந்த மக்கள் பள்ளிகள்.

1864-ம் ஆண்டு நடந்த போரில் டென்மார்க் தோற்றது. தெற்கே பெரும் நிலப்பரப்பு பறிபோயிற்று. ரோட்டிங் என்ற ஊரில் இருந்த முதல் மக்கள் பள்ளியும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பள்ளியின் வாரிசாக, புது எல்லைக்கு இந்தப் பக்கம் 1865-ல் தொடங்கியதுதான் ஆஸ்கோவ்.

லா கூர் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தார். வெறும் சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர் அல்ல. இந்த உண்மையை முதலில் கண்டவர் யார், எப்படிக் கண்டார், எங்கே தவறினார் என்று கதையாகச் சொல்வார். அதே முறையில் புத்தகங்களும் எழுதினார்.

சொல்லிக்கொடுத்த நேரத்தில் அவர் கண்ணில் பட்டது கிராமங்களின் நிலைமை. அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. டென்மார்க் விவசாயியின் தானியம் விலை போகவில்லை. அவன் மாடு வளர்த்து வெண்ணெய் விற்கத் தொடங்கினான். இளைஞர்கள் பட்டணத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 1892-ல் கோபன்ஹேகனில் நகரசபை மின்சார நிலையம் வந்துவிட்டது. பட்டணத்தில் மின்சார விளக்கு. கிராமத்தில் மண்ணெண்ணெய்ப் புகை. பட்டணத்துத் தொழிற்சாலையில் யந்திரம். கிராமத்துத் தச்சனுக்கு வெறும் கை.

டென்மார்க்கில் நிலக்கரி கிடையாது. மலை அருவியும் கிடையாது. தட்டையான நாடு. ஆனால் கடற்காற்று இருக்கிறது. அது காசு கேட்காமல் வீசுகிறது. தானியம் அரைக்கும் காற்றாலைகள் ஊருக்கு ஊர் இருந்தன. அந்தக் காற்றாலையில் மின்சாரம் எடுத்தால் என்ன?

இந்த யோசனை அவருக்கு முன்பே வேறு இரண்டு பேருக்குத் தோன்றியிருந்தது. 1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் காற்றாலை வைத்துத் தம் விடுமுறை வீட்டுக்கு விளக்குப் போட்டார். மிச்ச மின்சாரத்தை ஊருக்குத் தருகிறேன் என்றபோது, அது பிசாசின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்களாம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரில், சார்லஸ் பிரஷ் என்ற செல்வந்தர் தம் மாளிகைத் தோட்டத்தில் 144 இறக்கைகள் கொண்ட ராட்சதக் காற்றாலையை நிறுத்தினார். இரண்டுமே நன்றாக ஓடின. ஆனால் அவை தனி மனிதர்களின் வீட்டு விளக்குகள். குடியானவன் வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் லா கூரின் கேள்வி.

ஓட்டமும் நிறுத்தமும்

1891-ம் ஆண்டு அரசாங்கத்தின் மானியம் கிடைத்தது. ஆஸ்கோவில் சோதனைக் காற்றாலை எழுந்தது.

தொல்லை உடனே தொடங்கியது. காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகிறது. தானியம் அரைக்கும் கல் இதைப் பொறுத்துக்கொள்ளும். மின்சாரம் உண்டாக்கும் டைனமோ பொறுக்காது. லா கூர் இதற்கு ஒரு கருவி செய்தார். காற்றாலைக்கும் டைனமோவுக்கும் நடுவே ஓடும் பெல்ட்டை எடைக்கல்லும் நெம்புகோலும் கொண்டு கட்டுப்படுத்தினார். காற்று எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்தாலும் டைனமோவுக்கு ஒரே அளவு இழுப்புத்தான் போகும். மிச்ச வேகத்தில் பெல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். கருவியின் பெயர் கிராட்டோஸ்டாட். பெயர்தான் பெரிது. பார்த்தால் கிணற்றடி ஏற்றத்தின் தம்பி போன்ற சமாசாரம்!

அடுத்தது அதைவிடப் பெரிய தொல்லை. காற்று நின்றுவிட்டால்? பாட்டரிகளில் மின்சாரத்தைச் சேமிக்கலாம். ஆனால் அந்த நாளில் பாட்டரி கொள்ளை விலை. லா கூர் வேறு வழி கண்டார். காரூட்டி என்ற இத்தாலியப் பேராசிரியர் காட்டிய முறைப்படி, மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினார். தண்ணீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிந்தது. வாயுக்களைத் தொட்டிகளில் பிடித்து வைத்தார். ஹைட்ரஜன் தொட்டி 12 கன மீட்டர் கொண்டது. இரவில் அந்த வாயுவை எரித்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் தந்தார்.

காற்று இல்லை என்பதற்காக ஒரு நாள்கூட விளக்கு நிற்கவில்லை. ஆனால் ஹைட்ரஜன் பொல்லாத வாயு. அதோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். வெடித்தது! பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் சிதறின. மாற்றிப் போட்டார்கள். மறுபடியும் சிதறின. இப்படிப் பல முறை. ஹைட்ரஜனைக் கொண்டு எஞ்சின் ஓட்டவும் லா கூர் முயன்றார். அது கைகூடவில்லை.

பல ஆண்டு உழைப்பு. தாமே கண்டு வளர்த்த வழி. அதை விட்டுவிட மனிதனுக்கு எளிதில் மனம் வராது. லா கூர் விட்டார். குடியானவன் வீட்டில் வெடிக்கக்கூடிய தொட்டியை வைக்க முடியுமா? 1902-ல் ஆஸ்கோவ் காற்றாலை மின்சார நிலையமாக மாறியது. பாட்டரியில் சேமித்து, கம்பி வழியாக ஊருக்கே மின்சாரம் கொடுத்தது. காற்றால் ஹைட்ரஜன் எடுப்பது நூறு ஆண்டுகளுக்குப் பின் மறுபடி பெரிய ஆராய்ச்சியாகி, பல நாடுகள் கோடிக்கணக்கில் பணம் போடுகின்றன என்பது வேறு கதை.

குழாய்க்குள் காற்று

இறக்கை எப்படி இருக்க வேண்டும்? எத்தனை வேண்டும்? ஆலை கட்டும் தச்சர்கள் தாத்தா சொன்னபடி செய்துவந்தார்கள். லா கூர் அளந்து பார்க்கத் துணிந்தார். 1896-ல் பெரிய குழாய் ஒன்றைச் செய்து, விசிறி வைத்து அதற்குள் காற்றை ஓட்டினார். குழாயின் முன்னால் சின்னச் சின்ன இறக்கைகளை வைத்து, தள்ளும் விசையை அளந்தார். ரைட் சகோதரர்கள் ஆகாய விமானத்துக்காகக் காற்றுக் குழாய் செய்தது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான்.

காற்று இறக்கையின் முன்பக்கத்தைத் தள்ளுவதோடு, பின்பக்கத்தில் உறிஞ்சி இழுக்கவும் செய்கிறது என்று அளவுகள் காட்டின. இறக்கைகளை நெருக்கி அடுக்குவதால் லாபமில்லை. குறைவான இறக்கை, வேகமான சுற்று; மின்சாரத்துக்கு அதுதான் நல்லது. பிரஷ் 144 வைத்த இடத்தில் லா கூர் நான்கு போதும் என்றார். இந்த முடிவுகளை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. எந்த ஊர்த் தச்சனும் பயன்படுத்தும்படி புத்தகமாக வெளியிட்டார்.

ஊருக்கு ஒரு மின்சாரக்காரன்

காற்றாலை செய்தால் போதுமா? அதை நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் கம்பி இழுக்க வேண்டும். பாட்டரியைப் பராமரிக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பட்டணத்திலிருந்து இஞ்சினீயர் வரும்வரை காத்திருக்க முடியுமா?

1903-ல் லா கூர் முன்னின்று டென்மார்க் காற்று மின்சாரச் சங்கத்தைத் தொடங்கினார். மின்சாரம் வேண்டும் என்று கேட்ட ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் சங்கம் யோசனை சொன்னது. 1904-ல் ஆஸ்கோவில் கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வகுப்பு தொடங்கியது. டைனமோ, பாட்டரி, கம்பி வேலை எல்லாம் கற்று, அவர்கள் தங்கள் ஊருக்கே திரும்பினார்கள்.

இப்படி அமைந்த நிலையம் சிறியதுதான். மேடான, மரம் மறைக்காத இடத்தில் காற்றாலை. கீழே டைனமோ. பாட்டரிகளுக்கு ஓர் அறை. காற்று ஓய்ந்தால் பாட்டரியில் உள்ள மின்சாரம் டைனமோவுக்கே திரும்பிப் பாயாமல் தடுக்க ஒரு தானியங்கி ஸ்விட்சு. பல நாள் காற்று இல்லாவிட்டால் உதவ ஓர் எண்ணெய் எஞ்சின். அந்த நேர்மின்சாரத்தை வெகு தூரம் அனுப்ப முடியாது. ஆகவே ஊருக்கு ஊர் தனி நிலையம் வேண்டியிருந்தது. இரவில் விளக்கு, பகலில் கதிரடிக்கும் யந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு, பட்டறை யந்திரம்.

1908 ஏப்ரல் 24-ந் தேதி லா கூர் ஆஸ்கோவில் காலமானார். வயது 62. தாம் கற்பித்தது நிலைக்குமா என்று பார்க்க அவர் இருக்கவில்லை.

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டது. டென்மார்க்குக்கு எண்ணெயும் நிலக்கரியும் வருவது அரிதாயிற்று. அப்போது கிராமங்களின் கண் காற்றாலைப் பக்கம் திரும்பியது. 1918-ல் சுமார் 120 கிராம நிலையங்கள் காற்றாலை வைத்திருந்தன. ஒவ்வொன்றும் 20 முதல் 35 கிலோவாட் சக்தி கொண்டது. நாட்டின் மின்சாரத்தில் 100-க்கு 3 பங்கு காற்றிலிருந்து வந்தது.

போர் முடிந்தது. எண்ணெய் மலிந்தது. பெரிய நிலையங்களின் கம்பிகள் கிராமங்களுக்கும் வந்தன. காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன.

1904-ம் ஆண்டு வகுப்பில் யோஹான்னஸ் யூல் என்று 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மின்சாரக்காரனாகி, மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்து, வயது அறுபதைத் தொட்ட பிறகு வாத்தியாரின் காற்றாலையை மறுபடி கையில் எடுத்தார் யூல். 1957-ல் கெட்ஸர் என்ற கடற்கரை ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை அமைத்தார். இறக்கை மூன்று. அது பத்து ஆண்டுகள் பெரிய பழுதில்லாமல் ஓடியது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியபோது, டென்மார்க்கில் தச்சர்களும் கொல்லர்களும் கெட்ஸர் காற்றாலையைப் பார்த்துச் சிறு காற்றாலைகள் செய்யத் தொடங்கினார்கள். ரீஸாகர் என்ற தச்சர் செய்தது 22 கிலோவாட். அது குடியானவர் வீட்டுப் பக்கத்தில் நிற்கக்கூடியது.

1990-ஐ ஒட்டி, டென்மார்க் அரசாங்கத்தின் உதவியோடு திருநெல்வேலிச் சீமையில் கயத்தாறிலும் காற்றாலைகள் எழுந்தன. அவற்றுக்கும் இறக்கை மூன்றுதான்.